வாசலுக்கு மட்டும் பல்

எங்கள் தெருவில் பல் கொட்டிப்போன கிழங்கள் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு கடை வாசலின் அகலத்துக்கு மட்டும் பல் முளைத்த காலம் ஒன்று உண்டு. தெருமுனையில் திரும்பும்போது எல்லா வாயும் பொக்கை. பல்செட்காரர் கடை ஜன்னல் வந்ததும் பளீரென்று வரிசை வரிசையாகப் பல். மருந்துக்கடையைத் தாண்டினால் மறுபடி பொக்கை. காலை நடைக்கு நாங்கள் கூட்டமாகப் போகும்போது அந்த வெளிச்சத்தில் கண் கூசிப் பால்காரன் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தான். விளக்குக் கம்பத்துக் காக்கைகள், பொழுது இரண்டாம் தடவை விடிகிறது என்று நினைத்துக் கத்தின.

சரி, காக்கைகளைத் தள்ளிவிடுங்கள். பால்காரன் விழுந்ததற்கும் அவன் சைக்கிளில் பிரேக் இல்லாததுதான் காரணம். ஆனால் பல் முளைத்தது நிஜம். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தது மட்டுமில்லை, அந்த ஊர்வலத்தில் முதல் ஆளாகச் சிரித்துக்கொண்டு போனவனே நான்தான்.

தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். தெருவில் எனக்கு சைரன் என்று பெயர். ஒரு முறை தண்ணீர் தீர்ந்துபோய், மூன்று மாடிக் கட்டடத்தில் எரிந்த தீயைத் திட்டியே அணைத்திருக்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை நம்புவாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், முழுவதையும் தள்ளிவிடுவார். அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் தராசுதான். ‘மழை வருகிறது’ என்று சொல்ல வேண்டுமென்றால்கூட அவர் முதலில் நனைய வேண்டும். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஒன்றைச் சொன்னால் அதன் பிறகுதான் எல்லோரும் கேட்பார்கள், அவரிடம்.

பல்செட்காரர் வீடும் கடையும் ஒன்றுதான். கீழே தெருவைப் பார்த்த அறை கடை. அதற்குப் பின்னால் சமையலறை. மேலே படுக்கை. கடை ஜன்னலுக்கு அடியில் நீள மேஜை. அதன்மேல் பிளாஸ்டர் குழைக்கிற ரப்பர் கிண்ணங்கள், ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், ராவுகிற மோட்டார். அலமாரி நிறைய வெள்ளை அச்சுகள். எங்கள் எல்லோருடைய தாடையும் அங்கே அடுக்கியிருக்கும். எனக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் வாய்ச் சண்டை நடந்த வாரத்தில்கூட எங்கள் தாடைகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அமைதியாக உட்கார்ந்திருந்தன. உருகிய மெழுகு வாசனையும் அரைத்த பிளாஸ்டிக் தூளின் நெடியும் தெருவரைக்கும் வரும். மழைக்காலத்தில் பிளாஸ்டர் காய நேரமாகும். அப்போது அவர் அச்சுகளை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார். சாப்பிடப் போகிறவர்களை ஏழெட்டு வாய்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் மனைவியைத் தெரு குறைக்காரி என்று கூப்பிட்டது. அவள் முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. செட் மாட்டிக்கொண்ட ஆள் குறை சொல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுந்தால் அவள் விடமாட்டாள். ஒரு ஆப்பிள் துண்டைக் கையில் கொடுத்து மெல்லச் சொல்லுவாள். பிறகு வறுத்த வேர்க்கடலை. பிறகு ‘சைக்கிள் சக்கரம், சிப்பாய் சட்டை’ என்று சொல்லச் சொல்லுவாள். அவள் வாயைப் பார்க்கமாட்டாள், கண்ணைப் பார்ப்பாள். மெல்லும்போது இமை லேசாகச் சுருங்கினால் போதும். “இடது பக்கம், உள் ஓரம். கழட்டுங்க” என்று சொல்லி, செட்டைக் கையில் வாங்கி, நகத்தால் இடத்தைத் தொட்டுக் கணவரிடம் நீட்டுவாள். மோட்டார் இரண்டு சுற்றுச் சுற்றும். மறுபடி ஆப்பிள். என்னுடைய முதல் செட்டில் ‘ச’ சொல்லும்போதெல்லாம் விசில் வந்தது. நான் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டதற்குத் தெருமுனையில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. அவள் அன்று சாயங்காலம்வரை என்னை உட்கார வைத்து அந்த விசிலைப் பிடுங்கியெடுத்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பல்செட்காரர் ஒவ்வொரு செட்டிலும் ஓரத்தை வேண்டுமென்றே ஒரு மயிரிழை தடிப்பாக விடுவார். கூட இருந்தால் ராவிவிடலாம், குறைந்துபோனால் ஒட்ட முடியாது என்பது அவர் வழக்கம். எவ்வளவு ராவ வேண்டும் என்பது அவள் சொல்லித்தான் தெரியும். ஆக, அவர் கையை விட்டு வரும்போது செட்டில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதி அவள் வாயில் இருந்தது.

அவள் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட வந்த பெண்ணிடம் “கையை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிம்மா, வலிக்காது” என்று சொன்னாளாம். அந்தப் பெண் மறுநாள் சாய்த்துப் பிடித்தாள். அதற்கும் மறுநாள் ஊசிக்குத் தேவை இருக்கவில்லை.

கடை ரொம்ப நாள் மூடிக் கிடந்தது. திறந்தபோது முதலில் செட் வாங்கப் போனவர் என் மச்சான் தராசு. அவள் இருக்கும்போது எடுத்த அச்சு. கடை திறந்த அன்று அவர் போய் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எப்படி என்று கேட்டேன். “சரியா இருக்கு” என்றார். தராசு சொன்னால் அப்பீல் இல்லை.

அதன் பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். என் பழைய செட் வாஷ்பேசினில் விழுந்து உடைந்திருந்தது. பல்செட்காரர் புதுசை என் வாயில் மாட்டிவிட்டு, அவள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். ஆப்பிள் வெட்டி வைத்திருந்தார். வெட்டத் தெரியாமல் கொட்டையோடு. “சொல்லுங்க அண்ணே, குறை சொல்லுங்க” என்றார். உள் ஓரம் ஆணி மாதிரி ஏறியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் பண்ணாத கன்னம், ஒரு பட்டன் தவறிப் போட்ட சட்டை. இந்த மனுஷரிடம் போய் என்ன குறை சொல்ல? நான் இரும்புத் தாழ்ப்பாளைக்கூடக் கடித்துத் திறப்பேன் என்றேன். அவர் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரிப்பதைத் தெரு அன்றுதான் பார்த்தது. அந்தச் சிரிப்பு எங்களைக் கெடுத்தது.

ஒருவரும் குறை சொல்லவில்லை. தபால்காரரின் அப்பா சொல்லவில்லை. தையல் டீச்சர் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து உலகத்தில் எதையுமே நல்லது என்று சொல்லாத மருந்துக்கடைக்காரர், ‘வெண்ணெய்’ என்றார். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, ஈறில் விரலைத் தேய்த்துக்கொண்டோம். தெருவில் நடக்கும்போது செட் சட்டைப் பையில் இருக்கும். கடை ஜன்னல் வருவதற்கு முன்னால் கைக்குட்டையால் வாயைத் துடைப்பது போல ஒரு அசைவு. ஜன்னலில் அவர் தலை நிமிரும். நாங்கள் சிரிப்போம். அவர் கையை ஆட்டுவார். மருந்துக்கடையைத் தாண்டி இன்னொரு தடவை வாயைத் துடைப்போம்.

ஒரு நாள் அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. மெழுகை விளக்கில் காட்டிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். இத்தன வருஷத்துல நான் கட்டின செட்டு ஒண்ணாவது முதல் தடவையே சரியா வந்திருக்கா?”

“இல்ல.”

“இப்ப வருது. ஒருத்தரும் குறை சொல்லல. தராசே சொல்லல. எப்படி? நான் ரொம்ப யோசிச்சேன். அவ எங்கயும் போகலண்ணே. என் கைக்குள்ள வந்து உக்காந்துட்டா.” சிவப்பு மெழுகு ஒட்டிய விரல்களை விரித்துக் காட்டினார். “ராத்திரி படுக்கறப்ப இந்தக் கைய நெஞ்சுமேல வச்சுக்குவேன். நிம்மதியாத் தூக்கம் வருது.”

நான் வண்டி ஓட்டிய காலத்தில் எத்தனையோ வாசல்களை உடைத்திருக்கிறேன். அன்று அந்த வாசலில் தலை குனிந்து வெளியே வந்தேன்.

பல்செட்காரரின் அக்காதான் அப்போது வீட்டைப் பார்த்துக்கொண்டார். தனியாக வேறு ஊரில் இருந்தவர், தம்பிக்குச் சமைத்துப் போட வந்தார். தெருவுக்கே அக்கா. சர்க்கரை வியாதிக்காரர். கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு நடக்காமல் போனதை எல்லோரிடமும் ஜோக்காகச் சொல்லுவார். ‘மாப்பிள்ளை பாக்க வந்தவன் என் பல்லப் பாத்துட்டு ஓடினான், இப்ப வரச் சொல்லு’ என்பார். வந்த பிறகு தம்பி அவருக்குக் கட்டிய செட்தான் அந்தக் கடையிலேயே அழகான செட். ஒவ்வொரு பல்லாக நிறம் பார்த்து, ஒன்றை லேசாகத் திருப்பி வைத்து, நிஜப் பல் மாதிரியே செய்திருந்தார்.

எங்களுக்கெல்லாம் பல் வாசல் அகலத்துக்குத்தான். அக்காவுக்கு வீடே வாசல். தம்பி காலையில் காப்பி குடிக்கும்போது எதிரில் இருப்பார், மத்தியானம் சாப்பிடும்போது எதிரில் இருப்பார், சும்மா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாலும் நிமிர்ந்து அக்கா வாயைத்தான் பார்ப்பார். அக்கா எங்கே கழற்றுவது? பாலில் ரொட்டியை ஊறப் போட்டு, சமையலறைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விழுங்குவார். வேகவைத்த உருளைக்கிழங்கைக் கூழாக மசித்து விழுங்குவார். பிறகு அதுவும் குறைந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் சரிய ஆரம்பித்தது. கேட்டால், ‘மாப்பிள்ளை பாக்க வரப்போறான், இளைக்கிறேன்’ என்பார்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இப்போது இல்லை. அடுத்த வருஷம் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். போகும்போது வாய் ஆறித்தான் இருந்தது, ஒரு பழுதில்லை. கடைசியில் சொன்னால் நீங்கள் அதையே தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள் என்றுதான் நடுவில் சொல்கிறேன். இன்னொன்று, இப்போது அந்தக் கடையில் பல்செட்காரரின் மகள்தான் வாசலை மறித்து நின்று குறை கேட்கிறாள். அம்மா அளவுக்கு வாய் போதாது. வளரும்.

அந்த மகள்தான் என்னிடம் வந்தாள். செட்டுக்கு மெருகு போடுகிற வேலை அவளுடையது. விரல் நுனியெல்லாம் வெள்ளையாகத் தூள் படிந்திருக்கும். அத்தை மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் வாயைத் திறந்து பார்த்த கதையைச் சொன்னாள். உள்ளே கீழ்த் தாடையின் உட்பக்கம் முழுக்கக் கிழிந்து சீழ் பிடித்திருக்கிறது. செட் ஓரம் அறுத்த காயம். சர்க்கரை இருப்பதால் ஆறவில்லை. சாப்பிட முடியாமல் உடம்பு வற்றிவிட்டது. இன்னொரு தடவை அந்த இடத்தில் ஏதாவது உரசினால் காயம் மூடாது, எலும்புவரைக்கும் போகும் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“சர்க்கரையால வந்த புண்ணுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன் மாமா. டாக்டர்கிட்டயும் கெஞ்சிட்டேன். அம்மா போனப்ப அப்பா எப்படி இருந்தாருன்னு பாத்தீங்கள்ல. இப்பத்தான் சோறு உள்ள போகுது. அம்மா தன் கைக்குள்ள இருக்காங்கன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அத எப்படிப் புடுங்கறது?”

“சொல்லாம விட்டா என்ன?”

அவள் தன் விரல் தூளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா அத்தைக்குப் புதுச் செட் கட்டுகிறார் என்றாள். உடம்பு மெலிந்ததால் பழையது தளர்ந்துவிட்டது, தளர்ந்த செட் உரசித்தான் புண் பெரிதாகிறது, புதுசு போட்டால் ஆறிவிடும் என்பது அவர் எண்ணமாம். மெழுகில் பல் அடுக்கி முடித்துவிட்டாராம். இரண்டொரு நாளில் ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போவார்.

நான் அக்காவைப் பார்க்கப் போனேன். வார்டில் ஜன்னலோரக் கட்டில். தலையணையில் முகம் சின்னதாகக் கிடந்தது. வாயில் செட் இல்லாததால் சொற்கள் ஈரத்துணி மாதிரி வந்தன. புதுச் செட்டைப் போடாதீர்கள் என்று சொன்னேன். என்னைக் குனியச் சொல்லி, காதில் பேசினார்.

“போட்டுக்கறேன்னுதான் சொல்லுவேன். அவன் கையால கட்டி எடுத்துட்டு வருவான், வேணாம்னு எப்படிச் சொல்றது? அவன் இருக்கறப்ப மட்டும் போட்டுக்கறேன்.”

“அவர் எப்பவும் இருப்பாரே அக்கா.”

“அதுக்கென்ன” என்றார், ஏதோ நல்ல செய்தி கேட்டது போல.

நேராகக் கடைக்குப் போனேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். செட் அவர் உள்ளங்கையில் மினுங்கிக்கொண்டிருந்தது. மகள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். வழியெல்லாம் நான் சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் போய், அவசரத்தில் அப்படியே கொட்டினேன். உங்கள் மனைவி போனதிலிருந்து கட்டிய ஒரு செட்டும் சரியில்லை, எல்லாமே உள்ளே இடிக்கிறது, தெருவில் ஒருவரும் போடுவதில்லை, உங்கள் ஜன்னலைக் கடக்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டு, மருந்துக்கடை தாண்டியதும் கழற்றிவிடுகிறோம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“தெருவே சேர்ந்தா அண்ணே? டீச்சர் கூடவா?”

“டீச்சர் கூட.”

“போன மாசம் இதே செட்டால பாட்டில் மூடியத் திறந்தேன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னால ஆணி புடுங்கினேன்னு சொன்னீங்க. இப்ப ஆப்பிளே கடிக்க முடியலங்கறீங்க. எதுக்குச் சிரிக்கட்டும்?”

என் வாயைத் திறந்து காட்டினேன். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து, விரலை விட்டு, ஈறை முழுக்கத் தடவிப் பார்த்தார். “ஒரு கீறல் இல்ல அண்ணே. குழந்தை வாய் மாதிரி இருக்கு” என்றார். இருக்காதா பின்னே? போட்டால்தானே கீறும்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நீங்க மனசார எனக்கு நல்லதுதான் நினைப்பீங்க, தெரியும். ஏதோ விளையாட்டு. ஆனா அவள வச்சு விளையாடாதீங்க” என்றார். செட்டைத் துணியில் சுற்றினார். “தராசு சொன்னாருண்ணே. முதல் நாளு, இதே எடத்துல நின்னு, சரியா இருக்குன்னாரு. நான் ரெண்டாந்தடவ கேட்டேன். சரியா இருக்குன்னாரு. அந்த மனுஷன் வாயில பொய் வருமா? அவர் ஒருத்தர் குறை சொல்லட்டும், இந்தக் கையக் கொண்டுபோய் மோட்டார்ல விடறேன்.”

மகள் கதவிலிருந்து உள்ளே போய்விட்டாள்.

மச்சான் வழக்கம் போலப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஈரப் பெஞ்சு. கீழே பிளாஸ்டிக் பை விரித்து நேராக உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

“எனக்கு சரியா இருக்கு மாப்ள.”

“கடைசியா எப்ப மச்சான் வேர்க்கடலை தின்னீங்க?”

“எனக்கு அது பிடிக்கறதில்ல.”

“அப்ப தெரு முழுக்க வாசலுக்கு மட்டும் பல் போட்டுட்டுப் போறது?”

“அப்படி ஒண்ணு நான் பாக்கல. நீ பாத்திருப்ப. நீ காக்கா விடிஞ்சுதுன்னு கத்தினதையும் பாத்தவன்.”

அவர் தங்கையை, அதாவது என் மனைவியை, அனுப்பிப் பார்த்தேன். அவளிடமும் இதே பேச்சு. ‘நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான்’ என்றாராம். திரும்பி வந்து அவள் அடுப்பங்கரையில் நின்று, “எங்க அண்ணன் பொய் சொல்றாருங்க” என்றாள். ஐம்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பல்செட்காரர் சலவைச் சட்டை போட்டிருந்தார். பட்டன் சரியாக இருந்தது. தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன டப்பாவில் செட்டை வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். தராசையும் அவர்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் வார்த்தை சொன்ன ராசிக்காரர், அக்கா போட்டுக்கொள்ளும்போது கூட இருக்க வேண்டும் என்று. மகள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வண்டி நிறுத்துமிடமும் மழையும் தவிர ஒன்றுமில்லை.

அவர் குழாயில் கையை மூன்று தரம் கழுவினார். டப்பாவைத் திறந்தார். நான் எத்தனையோ நகைக்கடைத் தீயை அணைத்திருக்கிறேன். அப்படி ஒரு மினுமினுப்பைப் பார்த்ததில்லை. இதில் மிகை இல்லை.

“இதப் பாருக்கா. உன் பழைய சிரிப்பு அப்படியே இருக்கும். சும்மா ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுக் கழட்டிடு.”

“கழட்டுவானேன்” என்றார் அக்கா. “இருக்கட்டும்.”

தலையணையில் நிமிர்ந்து உட்கார முயன்றார். மகள் வந்து முதுகைத் தாங்கினாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, மாட்டிவிட வசதியாகக் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார். உள்ளே மருந்து தடவிய காயம் தெரிந்தது. பல்செட்காரர் அதைப் பார்த்து, ‘ச்சூ’ என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே செட்டைக் கிட்டே கொண்டு போனார்.

மச்சான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வைக்காத.”

“அய்யா?”

மச்சான் மறு கையால் தன் வாயிலிருந்து செட்டைக் கழற்றினார். அந்த மனிதர் பொது இடத்தில் தும்முவதற்குக்கூட வெட்கப்படுகிறவர். கன்னம் இரண்டும் உள்ளே விழுந்து, எனக்கே அடையாளம் தெரியாத ஒரு கிழவர் அங்கே நின்றார். செட்டை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டார்.

“இங்க. உள் ஓரம். அன்னைக்கே இடிச்சுது.”

“சரியா இருக்குன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“ரெண்டு தடவ கேட்டேன் அய்யா.”

“கேட்ட. அவ நிக்கற எடத்தக் காலியா விட்டுட்டு நின்ன. அதப் பாத்துட்டு எனக்கு வாய் வரல. ஒரு நாள் போகட்டும், அப்புறம் சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள தராசே சொல்லிட்டாருன்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்ட.”

பல்செட்காரர் குனிந்து, மச்சான் நகம் வைத்த இடத்தைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த புதுச் செட்டைத் திருப்பி, அதே இடத்தைக் கட்டை விரலால் தடவினார். தொழில்காரனின் விரல். தேடவில்லை, நேராக அங்கே போய் நின்றது. பிறகு அக்கா வாயைப் பார்த்தார்.

“எனக்கு வலிக்கவே இல்லடா தம்பி” என்றார் அக்கா.

மகள் அழ ஆரம்பித்தாள். பல்செட்காரர் அழவில்லை. செட்டைத் திரும்ப டப்பாவில் போட்டு, மூடியைத் திருகி மூடிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டார். யாருடையதோ போல அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“அப்ப அவ இங்க இல்ல” என்றார்.

அக்கா கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டார்.

பல்செட்காரர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். என்னிடம் கேட்கவில்லை. வழக்கம் போல மச்சானிடம்தான் கேட்டார்.

“அண்ணன் சொன்னாரு, தெருவுல எல்லாரும் என் ஜன்னலுக்கு மட்டும் பல்லப் போட்டுட்டுப் போறாங்கன்னு. நான் சிரிச்சேன். அதும் நடந்துச்சா?”

மச்சான் செட்டைக் கைக்குட்டையில் சுற்றினார். பல் இல்லாத வாயால் சொல்ல வேண்டியிருந்ததால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“நடந்துச்சு. மருந்துக்கடை தாண்டினதும் நானும் கழட்டிடுவேன்.”